ராஜராஜன் எந்தக் கோயிலில் இருந்தான்?

சோழர் காலத்தை வைத்துக் கதை எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரிடமிருந்து வந்த கேள்வி இது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை அச்சில் படித்தவர், ராஜராஜன் 'தஞ்சாவூர்க் கோயிலினுள்ளால்' இருந்து ஆணையிட்டதாகப் பார்த்திருக்கிறார். அரசன் கோயிலுக்குள்ளேயே குடியிருந்தானா என்று கேட்கிறார். 'ஈழச்சேரி' என்று வருவதால் அங்கே இலங்கையர் வாழ்ந்தார்களா, அன்றைய 'சேரி'யும் இன்றைய சேரியும் ஒன்றுதானா, இந்தச் சொற்களையெல்லாம் எந்த அகராதியில் பார்ப்பது, கதையில் எந்த அளவுக்குப் பயன்படுத்தலாம் என்றும் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில்: இல்லை, அவன் அரண்மனையில்தான் இருந்தான். ஆனால் அந்த ஒரு வரியோடு விட்டுவிட்டால் அடுத்த பக்கத்திலேயே மறுபடியும் தடுக்கி விழுவீர்கள். பழைய நூல்களைப் படிக்கும்போது தெரியாத சொல்லால் பெரிய ஆபத்து இல்லை. 'கூழை', 'அயிரை' என்று வந்தால் நாமே நின்று அகராதியைத் தேடுவோம். தெரிந்த சொல்தான் நம்மைக் கவிழ்க்கும். 'கோயில்' என்று பார்த்ததும் மனத்தில் கோபுரம் வந்து நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு யார் அகராதியைத் திறக்கப்போகிறார்கள்?

அந்தக் கல்வெட்டை மெதுவாகப் படித்துப் பாருங்கள். ராஜராஜனின் இருபத்தாறாவது ஆட்சியாண்டு, அதாவது 1010. தஞ்சாவூர்க் கோயிலினுள்ளால், இருமடிசோழனின் கீழைத் திருமஞ்சனசாலையில், தானம் செய்தருளியிருந்தபோது அரசன் வாய்மொழியாக இடும் ஆணை அது. 'நாம் எடுப்பிச்ச திருக்கற்றளி ஸ்ரீராஜராஜீஸ்வரமுடையார்க்கு நாம் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்' ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டுக என்கிறான். கட்டிய ஆலயத்தை அவன் என்ன பெயரால் குறிப்பிடுகிறான்? 'திருக்கற்றளி'. கல்லால் ஆன தளி. 'கோயில்' என்பது அவன் இருக்கும் இடம். 'தளி' என்பது அவன் கொடுக்கும் இடம். ஒரே வாக்கியத்தில் இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. கோ என்றால் அரசன், இல் என்றால் வீடு. சொல்லைப் பிரித்தாலே விடை கிடைத்துவிடுகிறது, நாம்தான் பிரிப்பதில்லை.

(இடையில் ஒரு சிறு மகிழ்ச்சி: 'குடுத்தன', 'எடுப்பிச்ச' என்ற வடிவங்களைக் கவனித்தீர்களா? பேரரசனின் ஆணையே பேச்சு வழக்கில் இருக்கிறது. இன்று ஒரு பள்ளி மாணவன் 'குடுத்தான்' என்று எழுதினால் சிவப்பு மை விழும். ஆயிரம் ஆண்டுக்கு முன்பு அதை விமானத்தின் கல்லிலேயே வெட்டிவைத்திருக்கிறார்கள்.)

இதோடு முடிந்தால் எளிது. ஆனால் அதே ஆலயத்தின் இன்னொரு கல்வெட்டில் 'உடையார் ஸ்ரீராஜராஜீஸ்வரமுடையார் கோயில்' என்று வருகிறது. அங்கே கோயில் என்பது இறைவனின் ஆலயம்தான். ஆகவே 'பழைய தமிழில் கோயில் என்றால் அரண்மனை, இன்று ஆலயம்' என்று ஒரு கோடு போட்டுப் பிரித்துவிட முடியாது. ஒரே தலைமுறையில், ஒரே சுவரில், இரண்டு பொருளும் புழங்கியிருக்கின்றன. எது எது என்று தெரிய ஒரே வழி, 'யாருடைய கோயில்?' என்று கேட்பது.

ஏன் இப்படி? அரசனுக்கும் இறைவனுக்கும் அன்று பெரும்பாலும் ஒரே சொற்களஞ்சியம்தான். 'உடையார்' ராஜராஜதேவர், 'உடையார்' ராஜராஜீஸ்வரமுடையார். அரசன் நீராடும் இடமும் திருமஞ்சனசாலை. இன்று திருமஞ்சனம் என்றால் சாமிக்கு மட்டும்தான். அரசன் பேசினாலும் 'திருவாய்மொழிந்தருளினான்'. 'இறை' என்றால் கடவுள், அரசன், அரசனுக்குக் கட்டும் வரி ஆகிய மூன்றும்தான். வரி நீக்கிய நிலம் 'இறையிலி' என்று வரும்போது அதைக் கடவுள் இல்லாத நிலம் என்று படித்துவிடாதீர்கள். அக்கன் என்று அரசன் சொல்கிறானே, குந்தவை, அவளுக்கு இந்தக் கல்வெட்டுகளில் உள்ள பட்டம் 'ஆழ்வார் பராந்தகன் குந்தவையார்'. ஆழ்வார் என்றால் வைணவ அடியார் பன்னிருவர் மட்டுமே என்று மனப்பாடம் செய்த நமக்கு, சிவன் ஆலயத்துக்குப் பொன் கொடுக்கும் ஓர் அரச குலப் பெண்ணை ஆழ்வார் என்று பார்க்கும்போது திக்கென்று இருக்கும். பின்னால் அரசர்கள் போனார்கள். அவர்கள் பக்கத்துச் சொற்களும் போய்விட்டன. சாமி போகவில்லை, அவர் பக்கத்துச் சொற்கள் தங்கிவிட்டன.

சோழருக்கும் முந்தைய சான்று வேண்டுமென்றால் புறநானூற்றின் 67ஆம் பாட்டுக்குப் போங்கள். பிசிராந்தையார் ஓர் அன்னச்சேவலைப் பார்த்துச் சொல்கிறார்: குமரித் துறையில் அயிரை மீனை மேய்ந்துவிட்டு வடமலைக்குப் போகும் வழியில் சோழநாட்டில் இறங்கினால், 'கோழி உயர்நிலை மாடத்துக் குறும்பறை அசைஇ, வாயில் விடாது கோயில் புக்கு', எங்கள் கிள்ளி கேட்கும்படி என் பெயரைச் சொல். இங்கே கோயில் என்பது கோப்பெருஞ்சோழனின் அரண்மனை. 'கோழி'? அது உறையூரின் பெயர். மாணவனாக இருந்தபோது நான் இந்தப் பாட்டில் அன்னத்துக்குத் துணையாக ஒரு கோழியையும் மாடத்தில் ஏற்றிவைத்தேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆசிரியர் மட்டும் சிரிக்கவில்லை. 'அடுத்து அது எந்தக் கோயிலுக்குப் போகிறது?' என்று கேட்டார். அதற்கும் தவறாகத்தான் பதில் சொன்னேன்.

இனி சில சொற்களை வேகமாகக் கடந்துவிடலாம், ஏனென்றால் இவை பலருக்கும் தெரிந்தவை. 'நாற்றம்' ஒரு காலத்தில் மணம்: 'நாற்றத் துழாய்முடி நாராயணன்' என்று மார்கழிதோறும் பாடுகிறோம்; கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ என்று ஆண்டாள் சங்கிடம் ஏங்கிக் கேட்கிறாள். குறளில் 'முகைமொக்குள் உள்ளது நாற்றம்' என்பது மொட்டுக்குள் அடங்கிய வாசனை. 'மீன்' வானத்தில் இருந்தால் நட்சத்திரம். 'கூற்றம்' என்றால் உயிர் பறிக்கும் எமன். 'தஞ்சாவூர்க் கூற்றம்' என்றால் ஒரு நிர்வாகப் பிரிவு. இந்த இரண்டையும் குழப்பினால் தஞ்சாவூர் வட்டாரமே சுடுகாடாகிவிடும்.

'கிழவன்' கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியவன். கிழமை என்றால் உரிமை. ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை; அந்தப் பொருளை நாம் வாரத்தில் ஏழு நாளும் தெரியாமலே சொல்லிக்கொண்டிருக்கிறோம். 'செல்லான் கிழவன் இருப்பின் நிலம்புலந்து இல்லாளின் ஊடி விடும்' என்ற குறளில் வருபவன் முதியவன் அல்லன், நிலத்துக்கு உரியவன். அவன் வயலைப் போய்ப் பார்க்காமல் வீட்டில் இருந்தால் நிலம் மனைவியைப் போல ஊடும் என்கிறார். முதியவன் என்று படித்தால் வயதான பாவத்துக்கு அவனைத் திட்டுவதாக ஆகிவிடும். திருமுருகாற்றுப்படையின் கடைசி அடி முருகனை 'மலைகிழவோனே' என்று அழைக்கிறது; என்றும் இளையவனுக்கு அதைவிடப் பொருந்தாத வசை உண்டா? தஞ்சைக் கோயிலின் ஸ்ரீகாரியம், அதாவது கோயில் நிர்வாகம், பார்த்த அதிகாரி 'பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூர்யனான தென்னவன் மூவேந்தவேளான்'. உங்கள் கதையில் இவரைக் கொண்டுவந்தால் தயவுசெய்து கையில் ஊன்றுகோல் கொடுத்துவிடாதீர்கள். பொய்கைநாட்டில் உரிமை உடையவர் என்பதுதான் பொருள். வயது அதில் இல்லை.

'வேளாண்மை'யில் ஒரு வேடிக்கை. விருந்தோம்பி 'வேளாண்மை செய்தற் பொருட்டு' என்கிறது குறள். அது உதவி, உபகாரம். பயிர்த்தொழிலைப் பற்றித் தனி அதிகாரமே இருக்கிறது. அதன் பெயர் 'உழவு'. வேளாண்மை அங்கே தலைப்பாகவில்லை. இன்று வேளாண்மைத் துறை, வேளாண்மைப் பல்கலைக்கழகம் என்று பலகை எழுதியிருக்கிறோம். அதில் தவறு ஒன்றும் இல்லை; சொல் இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் குறளை எடுத்துக்கொண்டு 'விருந்தினருக்காக விவசாயம் செய்' என்று மேடையில் விளக்குகிறவர்களைக் கேட்டிருக்கிறேன்.

இப்போது உங்கள் கேள்வியிலேயே கனமான பகுதி: சேரி.

சேர்ந்து வாழும் இடம் சேரி. குறுந்தொகை 231இல் தலைவி, 'ஓரூர் வாழினும் சேரி வாரார், சேரி வரினும் ஆர முயங்கார்' என்கிறாள். ஒரே ஊரில் இருந்தும் நம் தெருப்பக்கம் வருவதில்லை என்ற குறை அது. உத்திரமேரூர்ச் சபைக் கல்வெட்டுகளில் வரும் சேரிகள் அந்தப் பிராமண ஊரின் பகுதிகள். தஞ்சைக் கோயிலைச் சுற்றி நானூறு ஆடல் மகளிர் குடியேற்றப்பட்ட இடம் 'தளிச்சேரி'. அவர்கள் 'தளிச்சேரிப் பெண்டுகள்'. தலைக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு நூறு கலம் நெல்லும் பங்காக அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. புதுச்சேரியில் உள்ள சேரியும் இந்தப் பொதுப்பொருளில்தான் வருகிறது. ஆகவே பழைய பக்கத்தில் 'சேரி' என்ற சொல்லைத் தனியாகப் பார்த்து, அங்கே ஒடுக்கப்பட்டோர் வாழ்ந்தார்கள் என்று முடிவு கட்டுவது தவறு.

ஆனால் இதற்கு எதிர்ப்பக்கத் தவறு ஒன்று இருக்கிறது. எனக்கு அதுதான் அதிக எரிச்சலூட்டுவது. 'பாருங்கள், சேரி என்றால் வெறும் தெருதான். ஆகவே சோழர் காலத்தில் ஒதுக்கல் எதுவும் கிடையாது' என்று சிலர் சொற்பிறப்பைக் கேடயமாகப் பிடிக்கிறார்கள். ராஜராஜன் கோயிலுக்கு ஊர்களைக் கொடுத்த கல்வெட்டில், வரி கணக்கிடும்போது கழிக்க வேண்டிய நிலங்களின் பட்டியல் ஊருக்கு ஊர் வருகிறது: ஊர்நத்தம், ஸ்ரீகோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், பறைச்சேரி, கம்மாணசேரி (கம்மாளர் குடியிருப்பு), சுடுகாடு. ஊர்நத்தம் தனி, பறைச்சேரி தனி. சில இடங்களில் 'தீண்டாச்சேரி' என்றே வருகிறது. இதற்கு எந்த அகராதியும் வேண்டாம். சொல்லின் பொதுப்பொருள் வெறும் குடியிருப்பாக இருக்கலாம். அதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் அடையும், பட்டியலில் அது நிற்கும் இடமும் வேறு கதையைச் சொல்கின்றன. சேரி என்ற சொல் பின்னாளில் ஏன் அந்த ஒரு பொருளுக்குச் சுருங்கியது என்பதற்கான விதை இந்தப் பட்டியலிலேயே கிடக்கிறது.

அந்தப் பட்டியலில் இன்னொன்றும் கண்ணில் படும்: நத்தம். ஊர் மக்கள் வீடு கட்டி வாழும் நிலம். இன்றும் வருவாய்த்துறை ஆவணங்களில் நத்தம் நத்தமாகவே இருக்கிறது, பட்டாவோடு. எல்லாச் சொல்லும் புரண்டுவிடுவதில்லை. தாசில்தார் அலுவலகத்தில் சோழர் காலம் இன்னும் வரிசையில் நின்றுகொண்டிருக்கிறது.

ஈழச்சேரிக்கு வருவோம். ராஜராஜனின் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அவன் வெற்றிகளைப் புகழும் பகுதியில், 'ஈழமண்டலம்' வருகிறது; அது இலங்கை, ஐயமில்லை. ஆனால் 'ஈழம்' என்றால் கள் என்ற பொருளும் உண்டு. கள் இறக்குபவர் ஈழவர். பிரமதேய ஆவணங்களில், அதாவது பிராமணருக்கு ஊர் தானம் கொடுத்த ஆவணங்களில், இவ்வூர்த் தெங்கும் பனையும் ஈழவர் ஏறப்பெறாதார் என்று ஒரு விதி அடிக்கடி வரும். அதை 'இலங்கையர் தென்னை மரம் ஏறக்கூடாது' என்று மொழிபெயர்த்தால் எவ்வளவு விசித்திரமாக இருக்கிறது பாருங்கள். ஊரின் தென்னையிலும் பனையிலும் கள் இறக்கக்கூடாது என்பதுதான் செய்தி. கம்மாணசேரியும் பறைச்சேரியும் தொழில், சாதி வழியே பெயர் பெற்றவை. அவற்றின் வரிசையில் நிற்கும் ஈழச்சேரியும் கள் இறக்குபவர் குடியிருப்பே. ஒரே அரசனின் கல்வெட்டுகளில் இரண்டு ஈழம். இங்கேயும் பக்கத்தில் நிற்கும் சொல்தான் நம்மைக் காப்பாற்றுகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் பழைய சொல்லுக்கு இன்றைய பொருளை ஏற்றும் தவறு. இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு: பழைய வழக்கத்துக்கு இன்றைய சொல்லைப் போர்த்துவது. உத்திரமேரூர் 'தேர்தல்' இதற்கு நல்ல உதாரணம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் அந்தச் சபை இரண்டு தீர்மானங்களை எழுதிவைத்தது. முப்பது குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாக, பிரிந்த ஊர். தகுதியுள்ளவர் பெயர்களை ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனை விட்டு ஓலையை எடுக்கச் சொல்வார்கள். வந்த பெயர் வாரியத்துக்கு, அதாவது ஊர்ப்பணியைக் கவனிக்கும் குழுவுக்கு. இதற்குக் குடவோலை என்று பெயர். நம் பாடப்புத்தகங்களும் மேடைகளும் இதைத் தேர்தல், வாக்குப்பதிவு, ஜனநாயகம் என்கின்றன. யாரும் யாருக்கும் வாக்களிக்கவில்லை. அது சீட்டு எடுப்பது. குடத்துக்குள் பெயர் போவதற்கே கால்வேலிக்கு (வேலி ஒரு நில அளவு) மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் வேண்டும். 921ஆம் ஆண்டு விதிப்படி வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும்.

இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது, ஏதோ பெருமையைப் பறிப்பதுபோல. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணக்குக் காட்டாதவரையும் அவருடைய உறவினரையும் சேர்த்து விலக்கும் விதி அதில் இருக்கிறது. மூன்று ஆண்டுக்குள் பதவியில் இருந்தவருக்கு மறுபடி இடமில்லை. இவையெல்லாம் குடவோலையைக் குடவோலை என்றே அழைத்தாலும் வியக்கத்தக்கவைதான். 'தேர்தல்' என்று பெயர் மாற்றிய உடனே இந்த நுட்பங்கள் மறைந்து, ஓட்டுப்பெட்டி மட்டும் தெரிகிறது. இதில் இன்னொரு சுவை: ஏரிவாரியம், தோட்டவாரியம் என்று அவர்கள் வைத்த 'வாரியம்' இன்று மின்வாரியம், குடிநீர் வாரியம் என்று நம்மிடம் இருக்கிறது.

அகராதி பற்றிக் கேட்டீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இலக்கியத்துக்கு இன்றும் முதல் துணை. ஒவ்வொரு பொருளுக்கும் எந்த நூலில் வருகிறது என்று காட்டுவதுதான் அதன் பலம். கல்வெட்டுக்கு அது போதாது. எ. சுப்பராயலு பதிப்பித்த தமிழ்க் கல்வெட்டுச் சொல்லகராதி வேண்டும். க்ரியா அகராதி அருமையானது, ஆனால் அது தற்காலத் தமிழுக்கு. அதை வைத்துச் சங்கப்பாட்டைப் படிக்கக்கூடாது. உரையாசிரியர்களைப் பாருங்கள், ஆனால் அவர்களும் ஒரு காலத்தில் வாழ்ந்தவர்கள் என்பதை நினைவில் வையுங்கள். சங்கப் புலவருக்கும் நச்சினார்க்கினியருக்கும் நடுவே ஆயிரம் ஆண்டு இடைவெளி. அவருக்கும் சொற்கள் மாறித்தான் வந்திருக்கும்.

அகராதியும் உரையும் கைவிடும் இடங்கள் உண்டு. உ.வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க உழைத்தபோது உரையில் வந்த சமணச் சொற்கள் அவரைத் திணறடித்தன. ஏட்டில் விடை இல்லை. கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களின் வீடுகளுக்குப் போனார். அவருக்குப் புதிராக இருந்த சொற்கள் அங்கே அன்றாடம் புழங்கிய சொற்கள். 1887இல் நூல் அச்சேறியது. அந்தச் சொற்கள் தமிழிலிருந்து போய்விடவில்லை. சில தெருக்கள் தள்ளித்தான் இருந்தன.

கடைசியாக, உங்கள் கதை. என் யோசனை இதுதான்: வாசகரைத் தவறாக இழுத்துப் போகும் பழைய சொல்லைப் போடாதீர்கள். அரண்மனையைக் 'கோயில்' என்று எழுதினால் நீங்கள் சரி, ஆனால் வாசகர் தொலைந்துபோவார். 'மாளிகை' என்று எழுதுங்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில் அரண்மனை இருந்த இடத்துக்கு மாளிகைமேடு என்றே பெயர் நிலைத்திருக்கிறது. 'நாற்றம்' வேண்டாம், 'நறுமணம்' போதும். உரையாடலில் பழைய சொல்லைத் திணிப்பதைவிட, அந்தக் காலத்தில் இருந்திருக்கவே முடியாத சொல்லை விலக்குவதில் கவனத்தைச் செலவிடுங்கள். நீங்கள் அனுப்பிய அத்தியாயத்தில் வந்தியத்தேவர் சன்னலைத் திறந்து, சாவியை மேசைமேல் வைக்கிறார். மூன்றும் போர்த்துகீசியரிடமிருந்து வந்த சொற்கள். அவர்கள் வர இன்னும் ஐந்நூறு ஆண்டு இருக்கிறது. சாளரம் இருக்கிறது, திறவுகோல் இருக்கிறது. மேசைக்குப் பதில் அவர் கையிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

மடைப்பள்ளிக் காட்சியில் மிளகாய் நெடி வருகிறது. அதையும் எடுத்துவிடுங்கள். மிளகாய் அமெரிக்காவிலிருந்து கடல் தாண்டி வந்தது. நம்மவர்கள் அதற்கு மிளகின் பெயரையே ஒட்டவைத்தார்கள். தஞ்சைக் கல்வெட்டுகளில் திருவமுதுக்கு அளந்து கொடுத்தவற்றில் மிளகு, கடுகு, சீரகம், புளி எல்லாம் வருகின்றன, காரத்துக்கு மிளகுதான். அந்த மிளகுக்குச் சங்க காலத்தில் இன்னொரு பெயர் 'கறி'. யவனர் (கிரேக்க, ரோமானிய வணிகர்) கலங்கள் 'பொன்னொடு வந்து கறியொடு பெயரும்' என்கிறது அகநானூறு 149. பொன்னைக் கொட்டிவிட்டு யவனர்கள் மூட்டை மூட்டையாக ஏற்றிப் போனது மிளகு. ஆட்டுக்கறி என்று எண்ணி யாரும் கப்பலில் உப்புக்கண்டம் தேட வேண்டாம்.